மலையாளத்தில் 30-க்கு 17: அம்மாவுக்கு மறதி நோயா?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உங்களுக்கும் தெரியும். வீடு பாலக்காட்டு எல்லைப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். அம்மாவுக்கு 71 வயது. உடுமலைப் பக்கத்திலிருந்து 19 வயதில் கல்யாணமாகி வந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. மலையாளம் இங்கே வந்த பிறகு காதால் கேட்டுக் கற்றுக்கொண்டது. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆறேழு மாதமாகப் பெயர்களை மாற்றிச் சொல்கிறார், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பக்கத்து வீட்டு மலையாளி சேச்சியிடம் பேசும்போது வார்த்தை வராமல் நின்று தமிழுக்குத் திரும்பிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் கேள்வி கேட்டு 30-க்கு 17 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது மறதி நோயா, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு அது வராது என்று படித்தது பொய்யா, நாலு வயது மகனிடம் ஒரே மொழியில்தான் பேச வேண்டுமா என்று முக்கியமாக மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த 17-ஐ நம்பலாமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. மருத்துவ உளவியல் படித்து, பாலக்காட்டுப் பக்கமும் கோவைப் பக்கமுமாக 26 வருடம் நினைவாற்றல் சோதனை செய்வதையே வேலையாகக் கொண்டிருந்தேன். சித்தூர் தாலுக்காவில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து மலையாளத்தில் பள்ளிக்கூடம் போனவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த மதிப்பெண் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல முடியும்.

30 மதிப்பெண் என்றால் அநேகமாக அது மினி மென்டல் எனப்படும் சோதனை. 1975-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் சேர்ந்து உருவாக்கியது. இன்று என்ன தேதி, என்ன கிழமை, என்ன மாதம் என்பது போன்ற கேள்விகளுக்கு 5. எந்த மாநிலம், எந்த ஊர், எத்தனையாவது மாடி என்பவற்றுக்கு 5. மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல 3, சற்று நேரம் கழித்து அதே மூன்றையும் நினைவிலிருந்து சொல்ல 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக 5. மீதி 9-ல் பொருள்களின் பெயர் சொல்வது, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, சொன்னபடி செய்வது எல்லாம் வரும். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஒரு படத்தைப் பார்த்து வரைய 1 என்று மூன்றும் அதில் உண்டு. இப்போது உங்கள் அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்று ஐம்பது அறுபது வருடம் பேனா பிடிக்காத கை. படிக்க, எழுத, வரைய என்று மூன்று போகிறது. தாளில்லாமல் நூறிலிருந்து ஏழு கழிப்பதில் ஐந்தும் போகலாம். மறதி என்ற பேச்சே வருவதற்கு முன்னால் எட்டு மதிப்பெண் பள்ளிக்கூடத்தின் கணக்கில் கழிந்துவிட்டது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் மினி மென்டல் மதிப்பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்திலிருந்து எட்டு வருடம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருடம் வரை மட்டும் படித்தவர்களுக்கு 22. நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை 24. அதாவது பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் சராசரியாக இருந்தாலே சந்தேகப் பட்டியலில் விழுந்துவிடுவார். சரி, 17 என்பது 22-ஐ விடவும் குறைவுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், குறைவுதான். அதை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. அந்த ஐந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டும். அங்கேதான் மொழி வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். தென்னந்தோப்புக் காவல் வேலை, எழுபதை ஒட்டிய வயது. என் கையில் மலையாளத் தாள். அவருக்கும் மலையாளம் நன்றாகவே தெரியும், சந்தையில் பேரம் பேசுகிறவர். "இன்னு ஏது திவசமாணு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ஐப்பசி மாசம், தேய்பிறை ஏகாதசி" என்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆடி. பொருத்தமில்லாத பதில் என்று எழுதி பூஜ்யம் போட்டேன். வெளியே நின்ற மகள் கதவோரம் வந்து, "அது எங்கம்மாவோட திவசம்ங்க" என்றாள். மலையாளத்தில் திவசம் என்றால் நாள். தமிழில் அது இறந்தவருக்கு வருடந்தோறும் கொடுப்பது. மனைவியை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத மனிதர், ஆஸ்பத்திரிப் பயத்தில், தாய்மொழியின் காதால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு மிகச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அடுத்து மாதம் கேட்டபோது "ஆடி" என்றார். தாளில் ஜூலை என்றும் கர்க்கடகம் என்றும் இருந்தது. அதற்கும் பூஜ்யம்.

ஒரு வாரம் கழித்து முழுவதையும் தமிழில் கேட்டோம். 14 இருந்த இடத்தில் 22 வந்தது. இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே ஒன்றிரண்டு கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதனால் எட்டு மதிப்பெண் கூடிவிடாது. அவருக்கு மறதியே இல்லை என்று ஆகிவிடவில்லை, கொஞ்சம் இருந்தது. ஆனால் முதல் தாளை மட்டும் பார்த்திருந்தால் முற்றிய நோய் என்று முடிவு கட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதன் பிறகு எந்தப் பெரியவரிடமும் "வீட்டில் எந்த மொழியில் கனவு காண்பீர்கள்?" என்று கேட்காமல் நான் தாளை எடுத்ததில்லை.

இந்தச் சிக்கல் ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரிந்ததுதான். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் மேரி கங்குலியும் அவருடைய குழுவும் 1990-களில் எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும்படி இந்த மினி மென்டலை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். திருவனந்தபுரத்தில் மதுரநாத் குழுவினர் ஆடன்புரூக் என்ற இன்னொரு நினைவாற்றல் சோதனையை மலையாளத்துக்குத் தக்கபடி மாற்றி 2004-ல் வெளியிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பல மொழிகளுக்கும் ஒரே தரத்தில் ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்தது. அதில் முதலில் வந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். மலையாளத்துக்காக இவ்வளவு கவனமாகச் செய்த தாளாகவே இருந்தாலும், அது மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு ஒப்பிடத்தான் செய்யப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழ் அம்மாவை அதற்குள் திணிப்பது அந்தத் தாளுக்கும் நியாயம் இல்லை, அம்மாவுக்கும் நியாயம் இல்லை. ஆகவே, முதல் காரியமாக, சோதனையைத் தமிழில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை வைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். பாலக்காட்டில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் உங்களுக்குத் தூரம் இல்லை.

அடுத்தது, நீங்கள் சொல்லும் அறிகுறிகள். வயதாக ஆக மூளை எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சரிவதில்லை. 2015-ல் ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் என்ற இருவர் பல்லாயிரம் பேரின் சோதனை முடிவுகளைப் பார்த்தபோது, விரைவாகச் செய்யும் திறன் இருபதைத் தொடும் முன்பே உச்சத்துக்கு வந்துவிடுவதையும், சொல்வளம் ஐம்பது அறுபது வயது வரைகூட வளர்ந்துகொண்டிருப்பதையும் கண்டார்கள். உங்கள் மகனின் மூளை, உங்கள் மூளை, அம்மாவின் மூளை மூன்றும் வெவ்வேறு விதத்தில் கெட்டிக்கார மூளைகள். வயதானவர்களுக்கு முதலில் தடுமாறுவது பெயர்கள். பெயரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரே முகத்தைக் காட்டி ஒரு குழுவுக்கு "இவர் பேக்கரி வைத்திருப்பவர்" என்றும், இன்னொரு குழுவுக்கு "இவருடைய குடும்பப் பெயர் பேக்கர்" என்றும் சொன்னால், தொழிலாகக் கேட்டவர்களுக்குத்தான் அது நன்றாக நினைவிருக்கிறது. தொழில் என்றால் மாவும் அடுப்பும் மணமும் கூட வருகின்றன. பெயர் தனியாகத் தொங்குகிறது. அம்மா ஒரு பேரனைக் கூப்பிட மூன்று பேரன்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லிக் கடைசியில் சரியானதைப் பிடிக்கிறார் என்றால், அதை வைத்து மட்டும் நான் பயப்பட மாட்டேன்.

எதற்குப் பயப்படுவேன்? கேட்டதையே பத்து நிமிடத்துக்குள் முதல் தடவை கேட்பது போலவே திரும்பக் கேட்டால். நாற்பது வருடம் நடந்த வழியில் நின்று எந்தப் பக்கம் என்று திகைத்தால். கோழிக்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டு மறுபடியும் கொடுத்தால். முக்கியமாக, நினைவூட்டியும் வரவில்லை என்றால். இதை நீங்களே வீட்டில் கவனிக்கலாம். போன ஞாயிறு சித்தி வந்தாரே என்று கேட்கிறீர்கள், அம்மாவுக்கு நினைவில்லை. "நெய் முறுக்கு கொண்டு வந்தாரே, திண்ணையில் உட்கார்ந்தாரே" என்று ஒரு நூலைக் கொடுத்தவுடன் "அட, ஆமா, அவ கால் வலின்னு சொன்னாளே" என்று மீதியை அவரே சொன்னால், நினைவு உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். எத்தனை நூல் கொடுத்தாலும் அந்த ஞாயிறே நடக்காதது போல முகம் வெறுமையாக இருந்தால், பதிவதிலேயே கோளாறு இருக்கலாம். மறதி நோய் வகைகளில் ஒன்றான ஆல்சைமர் நோயில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இந்தப் பதிவுதான். இது ஒன்றை வைத்தே முடிவு கட்ட முடியாது, ஆனால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய மிகப் பயனுள்ள விவரம் இது.

"பழசெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்கிறார், கல்யாணத்துக்கு வந்த மாட்டு வண்டிகளைக்கூட எண்ணிச் சொல்கிறார்" என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் அம்மா பிறந்த காலத்தில், 1953-ல், அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற, நினைவைப் பதியவைக்கும் உறுப்பு இருக்கும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் பதியவில்லை. காலையில் பார்த்தவரை மதியம் தெரியாது. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. நேற்று வரைந்ததே நினைவில்லாதவரின் கை, நேற்றைவிட இன்று நன்றாக வரைந்தது. பழைய நினைவு, புதிய நினைவு, கைப்பழக்கம் மூன்றும் மூளையில் வெவ்வேறு வழிகளில் ஓடுகின்றன என்பது அவரால் உலகத்துக்குத் தெரிந்தது. அம்மா கோலம் பிசகாமல் போடுவதும், பழைய கல்யாணக் கதையும், புதிய நினைவு பதிகிறதா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

மலையாளம் நழுவுவதற்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நினைவில்லை என்பதை 'ஓர்மை இல்லை' என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் இங்கே போனது ஓர்மைதானா என்று பார்க்க வேண்டும். பின்னால் கற்ற மொழி முதலில் தேய்ந்து தாய்மொழி கடைசிவரை நிற்பதைப் பல நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன். ஆனால் ஆய்வுகள் இதில் ஒருமனதாக இல்லை. இரண்டு மொழியும் சேர்ந்தே தேய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மலையாளம் குறைவதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நோய் இல்லாமலே அது நடக்க மூன்று வழி இருக்கிறது. முதலாவது, அப்பா தவறிய பிறகு அம்மா பால் சொசைட்டிக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் தினமும் மலையாளம் பேசிய இடம் அதுதான். ஒன்றரை வருடம் புழங்காத சொல் சட்டென்று வராது. இரண்டாவது காது. காது மந்தமானால் தாய்மொழியை அரைகுறையாகக் கேட்டும் மூளை இட்டு நிரப்பிவிடும், பின்னால் கற்ற மொழியில் அந்த இட்டு நிரப்பல் கடினம், அதிலும் சத்தமுள்ள இடத்தில். மூன்றாவது துக்கம். ஐம்பது வருடம் கூட இருந்தவர் போய்விட்டார். மனச்சோர்வு வயதானவர்களிடம் அழுகையாக வராமல், கவனமின்மையாகவும் மறதியாகவும் வந்து நிற்பது மிகச் சாதாரணம். பால் பொங்கி வழிந்தது மறதியாலா, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே மனம் எங்கோ போனதாலா என்று அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

சரிசெய்யக்கூடிய வேறு காரணங்களும் உண்டு, இவற்றைப் பார்க்காமல் யாருக்கும் மறதி நோய் என்று பெயர் வைக்கக்கூடாது. ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பத்து வருடமாக ஓடுகிறது என்றீர்கள். அது பி12-ஐக் குறைக்கக்கூடியது. கேஸ் மாத்திரை என்று தினமும் போடுவதும் அப்படித்தான். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய ரக மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி போவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் வயதானவர்களின் நினைவைக் கலக்கும். வீட்டிலுள்ள அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டாரா? சின்ன அடியாக இருந்தாலும் வயதானவர்களுக்கு மூளை உறைக்குக் கீழே மெல்ல ரத்தம் கட்டி, வாரங்கள் கழித்துக் குழப்பமாக வெளியே தெரியலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: என்றைக்காவது ஓரிரு நாளுக்குள் திடீரென்று ஆளே மாறிப்போய், இடம் தெரியாமல் உளறினால், அது மெல்ல வரும் மறதி இல்லை. சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைந்ததாகவோ வேறு ஏதாவது அவசரமாகவோ இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு மொழி காப்பாற்றும் என்று நீங்கள் படித்தது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2007-ல் கனடாவின் டொரான்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழுவினர் 184 மறதி நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்தார்கள். இரு மொழிக்காரர்களுக்கு அறிகுறி சுமார் நான்கு வருடம் தள்ளி வந்திருந்தது. அங்கே அவர்களில் பெரும்பாலோர் குடியேறி வந்தவர்கள், வித்தியாசம் அதனாலும் இருக்கலாம் என்று கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு நம் நாட்டிலிருந்துதான் நல்ல பதில் வந்தது. ஹைதராபாத் நிஜாம்ஸ் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சுவர்ணா அல்லாடி 648 நோயாளிகளைப் பார்த்து 2013-ல் எழுதினார். அங்கே தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஒரே தெருவில் புழங்குகின்றன, இரு மொழி பேச யாரும் குடிபெயர வேண்டியதில்லை, நம் எல்லைப் பக்கத்தைப் போலவேதான். இரு மொழிக்காரர்களுக்கு நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. படிப்பினால் வந்த பலன் என்று அதைத் தள்ளிவிட முடியாது. மூன்று நான்கு மொழி தெரிந்தால் இன்னும் தள்ளிப்போகுமா என்றால், அப்படி இல்லை.

இங்கே இரண்டு விஷயத்தை விடாமல் சொல்ல வேண்டும். முதலாவது, மறதி நோய் வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இந்த எண்கள் எல்லாம் நோய் வந்தவர்களிடமிருந்து எடுத்தவை, தள்ளி வந்தது என்றுதான் சொல்கின்றன. இரண்டாவது, மருத்துவமனைக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கும் ஆய்வில் இந்தப் பலன் தெரிகிறது, நன்றாக இருப்பவர்களை எடுத்து வருடக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வுகளில் பெரும்பாலும் தெரிவதில்லை. நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் ஸ்பானிய மொழி பேசும் ஆயிரத்துச் சொச்சம் பேரை அதிகபட்சம் 23 வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். ஆங்கிலமும் தெரிந்தவர்கள் தொடக்கச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள், ஆனால் மறதி நோய் வருவதில் வித்தியாசம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் எடின்பரோவில் ஒரு அரிய வாய்ப்பு கிடைத்தது. 1947-ல் பதினோரு வயதில் சோதிக்கப்பட்ட 853 பேரை அவர்களுடைய எழுபது வயதுகளில் மறுபடி சோதித்தார்கள். இரண்டாம் மொழி கற்றவர்கள் சிறுவயது மதிப்பெண்ணை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார்கள். பலன் இருக்கலாம் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். அப்படியே இருந்தாலும் அது நோயைத் தடுப்பதில்லை, மூளைக்குச் சேதத்தைச் சமாளிக்க மாற்றுப் பாதை இருப்பதால் வெளியே தெரிவது தாமதமாகிறது என்பதே இப்போதைய விளக்கம். அதனால் இரு மொழிக்காரருக்கு அறிகுறி தெரியத் தொடங்கும்போது உள்ளே சேதம் கொஞ்சம் முன்னேறியிருக்கவும் கூடும். "அம்மாதான் ரெண்டு பாஷை பேசுறாரே" என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நாலு வயது மகன் விஷயம் சுலபம். இரண்டு மொழியும் பேசுங்கள். ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியும், இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்குச் சமமாக இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை, நம் பக்கத்துப் பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவன் இதனால் அதிபுத்திசாலி ஆவான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், அந்த ஆராய்ச்சி இன்னும் சண்டையில் இருக்கிறது. அவன் அப்பத்தாவோடு தமிழில் பேசட்டும் என்பதற்கு ஆராய்ச்சிக் காரணமே தேவையில்லை.

சேச்சி பிரமி கொடுக்கச் சொன்னார், உங்கள் அத்தை வல்லாரை கொடுக்கச் சொன்னார், இரண்டும் ஒன்றா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒன்று இல்லை. கேரளத்தில் பிரமி என்பது நீர்ப்பிரமி, ஈரத்தில் படரும், சின்னத் தடித்த இலை. நம் வல்லாரையை மலையாளத்தில் குடங்கல் என்றும் முத்தில் என்றும் சொல்வார்கள். நீர்ப்பிரமியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த சில சிறிய சோதனைகளில் நினைவில் கொஞ்சம் முன்னேற்றம் காட்டியிருக்கிறார்கள். மறதி நோயைத் தடுக்கும் என்று எதுவும் காட்டவில்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பி12 குறைந்திருப்பதை வல்லாரை சரிசெய்யாது, அவ்வளவுதான். அந்தப் பணத்தையும் அக்கறையையும் முதலில் காதுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் செலவிடச் சொல்வேன். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்கு வாழ்நாளில் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. பள்ளிப்படிப்பு, காது, பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அது மக்கள் தொகைக்குப் போட்ட கணக்கு, உங்கள் அம்மா ஒருவருக்கு உத்தரவாதம் இல்லை. காது மெஷினிலும் அப்படித்தான். 2023-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், 977 பேரிடம் மூன்று வருடம் பார்த்தபோது, மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள முதியவர்களிடம் நினைவு, சிந்தனைத் திறனின் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நினைவுக்கு உதவினாலும் உதவாவிட்டாலும், பேரன் பேசுவது அம்மாவுக்குக் கேட்கும்.

பயத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளவும் ஒரு எண் சொல்கிறேன். இந்தியா முழுவதும் செய்த கணக்கெடுப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம் என்று 2023-ல் வெளியிட்டார்கள். வயது கூடக்கூட இது கூடும், படிப்புக் குறைவானவர்களிடமும் கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலோருக்கு அது இல்லை.

அடுத்த முறை போகும்போது, காலை நேரமாகப் பார்த்து, அம்மா தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு அழைத்துப் போங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம். அவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை, எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய அம்மாவோடு இன்றைய அம்மாவை ஒப்பிட உங்களைத் தவிர வேறு ஆள் அங்கே இருக்க மாட்டார்கள். சீட்டு எடுக்கும்போதே தமிழில் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், எத்தனை வகுப்பு படித்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சோதிப்பவர் மாதம் கேட்டு, அம்மா தமிழ் மாதத்தைச் சரியாகச் சொன்னால், அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. போடச் சொல்லிக் கேளுங்கள். பி12 முடிவும் தமிழ் மதிப்பெண்ணும் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.